வண்டிக்குப் பின்னால் நடந்தவள்

கலியாணமாகி இண்டூருக்கு வந்த மறுவருஷம், நிறைகுடத்தோடு கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தேன். குடம் நசுங்கவில்லை. என் மாமியார் அதைப் பல வருஷம் எனக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நசுங்கியது நான்தான். இடது இடுப்பில் பிடித்த வலி பின்தொடை வழியாகக் குதிகால்வரை இறங்கும். சில நாள் இடுப்போடு நின்றுகொள்ளும், சில நாள் காலே எனக்குச் சொந்தமில்லை என்று ஆகிவிடும். ஒரேயடியாக விட்டுப்போன நாள் என்று ஒன்று கிடையாது.

வைத்தியத்துக்குக் குறைச்சல் இல்லை. நொச்சி இலை ஒத்தடம், வேப்பெண்ணெய், கட்டு, தருமபுரி ஆஸ்பத்திரியில் சீசாவில் ஊற்றிக் கொடுத்த சிவப்புத் தண்ணீர். எல்லோரும் கடைசியில் ஒரே வார்த்தையில் வந்து நின்றார்கள்: படு. எனக்கோ படுத்தால்தான் உயிர் போகும். உட்கார்ந்து ஆட்டுக்கல்லைச் சுற்றினால் பாதி உயிர் போகும். எழுந்து நடந்தால் முதலில் கொஞ்ச தூரம் பல்லைக் கடிக்க வேண்டும். உடம்பு சூடேறிய பிறகு வலி அடங்கி, தாங்கக்கூடிய ஒன்றாக மாறிவிடும். ஆகவே வேலை ஒழிந்த போதெல்லாம் ஏரிக்கரை, கொல்லைமேடு, புளியந்தோப்பு என்று நடந்தேன்.

இதை நம்புவதற்குத்தான் ஆள் இல்லை. வலிக்கிறவள் நடப்பாளா, நடக்கிறவளுக்கு வலிக்குமா என்று கேட்டார்கள். மாவாட்டச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவள், ஏரியைச் சுற்றிவர மட்டும் எப்படிப் போகிறாள் என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். வலியைவிட அதுதான் எனக்கு எரிச்சல். காயம் என்றால் காட்டலாம். இதை எங்கே அவிழ்த்துக் காட்டுவது?

கடைசியில் சூடு போடுகிற வைத்தியர் ஒருவரை மாமியார் பிடித்து வந்தார். அவர் என் இடுப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூன்று இடத்தில் இழுக்க வேண்டும், பிறகு ஒரு மண்டலம் அசையாமல் படுக்க வேண்டும், அதற்கப்புறமும் வாசலைத் தாண்டி நடக்கவே கூடாது என்றார். நடந்து நடந்துதான் நரம்பு கெட்டுவிட்டதாம். மாமியாருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனாலும் அவர் கெட்டவர் இல்லை. ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு ஒகேனக்கல் போய்க் காவேரியில் முழுகிவிட்டு வரட்டும், தாயார் மனசு வைத்தால் வலி போகும், போகாவிட்டால் வந்ததும் சூடு போட்டுவிடலாம் என்று தவணை கொடுத்தார்.

சூட்டுக்கு நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட அந்தப் படுக்கைக்குப் பயந்தேன். வாசல்படியோடு என் நடை முடிந்துவிடும். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் நிற்கும். அவரோ மாடுகளிடம் மட்டும் பேசுகிறவர். மனிதர்கள் நாலு பேர் கூடினால் துண்டின் முனையைத் திருகிக்கொண்டு நிற்பார்.

அது யுத்த காலம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற பஸ் கரியைப் போட்டுப் புகை கக்கிக்கொண்டு ஓடும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். அதில் குலுங்குவதைவிடச் சாவது மேல் என்றேன். ஆகவே எங்கள் கூண்டு வண்டியைக் கட்டினார்கள். வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து, என் தகரப் பெட்டி, படுக்கை, அரிசி, பாத்திரம் எல்லாம் ஏறின. மூன்று வயது மகளை மாமியாரிடம் விட்டேன். ஊர் எல்லைவரை மரியாதைக்கு வண்டியில் உட்கார்ந்திருந்தேன். எல்லை தாண்டியதும், "ஏனுங்க, நிறுத்துங்க" என்று சொல்லி இறங்கிக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். வண்டி முன்னால் போயிற்று, நான் பின்னால் நடந்தேன்.

வலி இல்லாமல் நடக்கிறவர்களுக்குத் தரை ஒன்றுதான். எனக்கு அப்படி இல்லை. உழுத செம்மண் குதிகாலை மெத்தென்று வாங்கிக்கொள்ளும், ஆனால் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும். உடைகல் பரப்பிய கப்பி ரோடு ஒவ்வொரு அடியையும் இடுப்புக்குத் திருப்பி அனுப்பும். ரோட்டோரத்தில் மாட்டுக் குளம்பு பட்டுப் பொடியான புழுதித் தடம் ஒன்று எப்போதும் இருக்கும். அதுதான் என் தடம். மேடு நல்லது. இறக்கம் எமன். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, இடுப்பு சொன்னதுதான்.

இடையிடையே வலி நிற்கச் சொல்லும். சும்மா நின்றால் பார்க்கிறவர்கள் பரிதாபப்படுவார்கள் என்று, எதையாவது பார்ப்பது போல நிற்பேன். அப்படிப் பாசாங்காகப் பார்க்கத் தொடங்கித்தான் உண்மையாகவே பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஆவாரஞ்செடியில் பூவின் அதே மஞ்சளில் ஒரு பூச்சி இருப்பது, சாமைக் கொல்லையில் காற்று ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போவது, கௌதாரி தன் குஞ்சுகளை வேலிக்கு அடியில் ஓட்டிக்கொண்டு போவது, இவையெல்லாம் வலி நிறுத்திவைத்துக் காட்டியவை. நல்ல இடுப்பு இருந்திருந்தால் பென்னாகரம் ரோட்டில் புளியமரம் இருக்கிறது என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

பென்னாகரத்துக்கு இப்பால் ஒரு ஊர். புளியமர நிழலில் ஆணும் பெண்ணுமாகக் கொஞ்சம் பேர் நோம்பிக்குக் கிளம்ப வண்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி அவர்களைத் தாண்டிப் போனது. பின்னால் நான் காலை இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து ஓர் அம்மாள் பேச்சை நிறுத்தினாள். பெரிய உடம்பு, காதில் கனத்த தோடு, இடுப்பில் செருகிய சுருக்குப்பை. நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லு கண்ணு. எந்த ஊரு நீ?"

"இண்டூருங்க."

"தாய் வூடு?"

"ஏரியூர்ப் பக்கங்க."

"முன்னால வண்டில போறது யாரு?"

"எங்க வூட்டுக்காரருங்க."

அவள் முகம் மாறியது. எனக்கு ஏன் என்று அப்போது விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டியைத் தள்ளிவைக்கத் தீர்மானித்தவன் அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விடும்போது தன் வண்டியில் ஏற்றமாட்டான். பெட்டி படுக்கை வண்டியில் போகும்; அவள் வண்டிக்குப் பின்னால் நடந்து போவாள். நானோ பெட்டி படுக்கையை வண்டியில் வைத்துவிட்டு, தாய்வீடு இருக்கிற திசையைப் பார்த்து, முகத்தைச் சுளித்தபடி நடந்துகொண்டிருந்தேன்.

"கொழந்த குட்டி இருக்குதா?"

"ஒரு பொண்ணுங்க. வூட்டுல மாமியாகிட்ட இருக்குது."

"புள்ளையையும் புடுங்கி வச்சுக்கிட்டாங்களா!" என்று அவள் தலையில் கைவைத்தாள்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. எனக்கு இடுப்பு வலி. அதான் நடக்கறேன்" என்றேன்.

இடுப்பு வலி என்றால் வண்டியில் ஏறுவார்களே தவிர இறங்குவார்களா? சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, "இடுப்புல ஒதச்சானா கண்ணு?" என்று கேட்டாள்.

அதற்குள் ஆண்கள் ஓடிப்போய் வண்டியை மடக்கிவிட்டார்கள். தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் மாட்டை அவிழ்க்கச் சொன்னார். "பொட்டி வண்டில, பொண்டாட்டி ரோட்டுல. எங்க ஊரு வழியாவா இப்படி ஒருத்தியக் கொண்டுபோற? என்ன குத்தம் பண்ணுனா அவ?"

என் வீட்டுக்காரர் இறங்கி நின்றார். "அது வந்துங்க…" என்றார். அவ்வளவுதான். துண்டு முனை விரலில் ஏறிவிட்டது. பெண்டாட்டியின் இடுப்பைப் பற்றி அத்தனை ஆண்கள் முன்னால் பேசுவது அந்தக் காலத்தில் லேசான காரியமில்லை. அவருக்கோ மழையைப் பற்றிப் பேசுவதே கஷ்டம். அவர் பேசாமல் நிற்க நிற்க, அவர்மேல் இருந்த சந்தேகம் எல்லாம் உறுதியாகிக்கொண்டே போனது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரு ஒண்ணும் பண்ணல! நானாத்தான் நடக்கறேன், என்ன வுடுங்க!" என்று கத்தினேன்.

அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா, இப்பக்கூடப் புருசன வுட்டுக் குடுக்க மாட்டேங்கறா."

அதற்குமேல் வாயைத் திறந்து பிரயோஜனம் இல்லை. பத்தினி ஆக்கிவிட்டார்கள். எங்கிருந்தோ வெற்றிலை பாக்கு வந்தது. என் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். அவரையே என் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றச் சொன்னார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். சேர்த்து வைத்துவிட்ட சந்தோஷத்தில், பென்னாகரம்வரை துணைக்கு வருகிறோம் என்று அவர்கள் வண்டிகளும் எங்கள் பின்னாலேயே கிளம்பின. அந்த அம்மாளின் வண்டிதான் முதல். அவள் கண் என்மேலேயே இருந்தது.

இரும்புப் பட்டை போட்ட சக்கரம், கப்பி ரோடு, வில் இல்லாத வண்டி. ஒவ்வொரு கல்லும் இடுப்பில் ஏறி இறங்கியது. பாயில் சாய்ந்து பார்த்தேன், முட்டி போட்டுப் பார்த்தேன், கூண்டின் மூங்கிலைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். பின்னால் குலவை போட்டவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். முன்னால் என் வீட்டுக்காரர் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். இறக்கிவிட்டால் மறுபடி பஞ்சாயத்து. அவர் மாட்டை மெதுவாக ஓட்டினார். மெதுவாக ஓட்டினால் கல் குறைந்துவிடுமா?

பென்னாகரம் சத்திரத்துக்கு முன்னால் வண்டி நின்றபோது என்னால் இறங்க முடியவில்லை. இடது கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. கூட வந்தவர்கள் கையசைத்துவிட்டு ஒகேனக்கல் பாதையில் போய்விட்டார்கள். அவர் என்னைத் தூக்கித்தான் இறக்கினார். இறக்கும்போது என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே அவமானமாக இருந்தது. முந்தானை பல் பட்டுக் கிழிந்திருந்ததை அவர் பார்த்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார். எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. வாய் இருந்தும் ஊமையாக நிற்கிற மனுஷனோடு எத்தனை வருஷம் குடித்தனம் பண்ணுவது என்று வாய்விட்டே சொன்னேன். கேட்டிருக்கும்.

மறுநாள் காட்டுப் பாதை. யானைப் பயத்தால் வண்டிகள் கூட்டமாகத்தான் போகும். அவர் நுகத்துக்கு முன்னால் இறங்கி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாட்டோடு நடந்தார். கேட்டால் இறக்கத்தில் மாடு மிரளும் என்றிருப்பார். ஆனால் வண்டி என் நடைக்குத்தான் போனது என்பதைக் கவனித்தேன்.

இறக்கத்தில் நான் நேராக நடக்கமாட்டேன். பாதையின் குறுக்காக இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, பக்கவாட்டில் காலை வைத்துப் போவேன். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு ஓரத்தையும் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஒரு பக்கம் மூங்கில் புதர் முறிந்து கிடந்தது, அடியில் ஆவி பறக்கும் யானை லத்தி. மறுபக்கம் உயர்ந்த மரம் ஒன்றில் தேன்கூடுகள் கறுப்பாகத் தொங்கின. மழை பெய்து ஓய்ந்திருந்ததால் சருகு ஈரமாக இருந்தது. அதன்மேல் கால் வைத்தால் சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. முந்தின நாள் வண்டி செய்த கெடுதல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அன்று காலை எனக்கு வலியும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் புரியாது.

ஆறு கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்தது. அருவிக்கு மேலே நீர்த்துளி புகையாக எழும்பி நின்றது. ஆடி வெள்ளம் செம்மண் நிறத்தில் பாறைகளை முட்டிக்கொண்டு போனது. கரையெல்லாம் பெண்கள், முறத்தில் காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, வெல்லம் கலந்த அரிசி. நானும் வைத்தேன். கும்பிடும்போது, வீட்டிலும் ஊரிலும் என்னை நம்பும்படியாவது செய் என்றுதான் கேட்க நினைத்தேன். ஆனால் வாயில், வலியை எடுத்துவிடு தாயே என்றுதான் வந்தது.

பாறையைப் பிடித்துக்கொண்டு முழுகினேன். தண்ணீர் இடுப்பில் அறைந்தது. குளிர்ச்சியில் உடம்பு மரத்துப்போய், எழுந்தபோது வலி இல்லை. இன்னொரு முழுக்குப் போட்டேன். இல்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு லேசை நான் அறிந்ததில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். ஓடவேண்டும் போல இருந்தது. புடவையைப் பிழிந்துகொண்டு கரையேற முதல் பாறையில் காலை வைத்தேன். வந்துவிட்டது. இடுப்பு, தொடை, குதிகால் என்று ஓர் இடம் விடாமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து அழுதேன். வலிக்காக அல்ல, அது பழகியது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நம்பிவிட்டேனே என்றுதான் அழுதேன். வீட்டில் கம்பி காத்திருந்தது. என் வீட்டுக்காரர் மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போயிற்றா என்று கேட்கவில்லை.

திரும்பும்போது ஏற்றம். ஏற்றத்தில் நான் வேறு ஆள். உடம்பை முன்னுக்குச் சாய்த்துக்கொண்டால் இடுப்பு வாயை மூடிக்கொள்ளும். மாடுகள் நுரை தள்ளின. நான் அவற்றைத் தாண்டிப் போய், மேட்டில் ஒரு வேங்கை மரத்தில் சாய்ந்து நின்றேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். என்னையும் பாதையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மேட்டுல நல்லா நடக்கற" என்றார்.

"ரொம்ப நாளா அதத்தானுங்க சொல்றேன்" என்றேன். அவர் மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

பென்னாகரம் தாண்டினோம். அந்த ஊர் நெருங்கியது. ஊருக்கு முன்னால் ஏறிக்கொண்டு, தாண்டியதும் இறங்கிவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. "ஏறிக்கட்டுங்களா?" என்று கேட்டேன். அவர் வண்டியை நிறுத்தவில்லை. ஆகவே நடந்தேன்.

நோம்பி முடிந்து திரும்பியிருந்த அந்த அம்மாள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "அடப்பாவி, மறுபடியுமா!" என்று கூவிக்கொண்டு வந்தாள். அதே கூட்டம், அதே தலைப்பாகை. பெரியவர் கையை ஓங்கி வண்டியை நிறுத்தினார்.

என் வீட்டுக்காரர் இறங்கினார். துண்டை எடுத்தார். திருகவில்லை, தோளில் போட்டுக்கொண்டார்.

"இவளுக்கு இடுப்பு வலிங்க" என்றார். "கெணத்துப் படியில வுழுந்தது. யாரும் அடிக்கல. வண்டில ஒக்காந்தா உசுரு போவுது இவளுக்கு. அன்னிக்கு நீங்க ஏத்திவுட்டீங்க, நான் வாயத் தொறக்கல. பென்னாகரத்துல நான்தான் தூக்கி எறக்குனேன், சீலையக் கடிச்சுக் கிழிச்சிருந்தா. நடந்தா இவளுக்குத் தாங்குது. நடந்துதான் வருவா. அதுல எனக்கு ஒரு கொறச்சலும் இல்லீங்க."

அவர் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேசி முடித்துவிட்டு, தானே மிரண்டுபோய் மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அந்த அம்மாள், "இத அன்னிக்கே சொல்லித் தொலச்சிருந்தா என்னய்யா?" என்றாள். பெரியவர் சிரித்துவிட்டார். எனக்கு மோர் கொடுத்தார்கள். நின்றுகொண்டே குடித்தேன், உட்காரச் சொல்லி ஒருவரும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் நாங்கள் வீடு சேர்ந்தபோது மாமியார் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மகள் என்னிடம் தாவினாள். "காவேரியில முழுகுனியா? வலி போச்சா?" என்று மாமியார் கேட்டார். நாளைக் காலை வைத்தியர் வருகிறார் என்றும் சொன்னார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துவைத்திருந்தேன். போய்விட்டது என்று பொய் சொன்னால் ஆட்டுக்கல். போகவில்லை என்றால் கம்பி. இரண்டுக்கும் நடுவில் நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"போகலம்மா. போகாது போல. சூடு வேண்டாம். அவ நடக்கட்டும்."

"நடந்தா வலி கொறையும்னு எவன்டா சொன்னான்?"

"அவதான் சொன்னா" என்றார். "நான் பாத்தேன்."

மாமியார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வைத்தியர் வந்தால் என்ன சொல்வது என்று கேட்டார். சோறு போட்டு அனுப்பு என்றார் அவர்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுவரைப் பிடித்து நின்றேன். அழுகை வந்தது, இந்தத் தடவை அதை அடக்கவில்லை. மறுநாள் விடிந்து எழுந்தபோது முதல் அடியிலேயே இடுப்பு கத்தியது. வேலிப் படலைத் திறந்துகொண்டு கொல்லைமேட்டுப் பக்கம் நடந்தேன். பாதி வழியில் வலி நிற்கச் சொன்னது. பாசாங்கு ஒன்றும் செய்யாமல், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க நின்றேன்.